கோணிக்கொண்ட மால்குடி: அட்டை மாடலில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

கதையில் படித்த ஓர் ஊரை அட்டையில் கட்ட ஆரம்பித்து, பாதியில் ஏதோ ஒன்று கோணிக்கொண்டு, கட்டரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் அட்டையை வெட்டுவது எப்படி என்பதெல்லாம் இதில் இல்லை. உங்கள் மாடலில் கண்ணுக்கு என்ன கோளாறு தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

நான் கட்டுவது மால்குடி. ஆர்.கே. நாராயண் 1935-இல் வெளிவந்த தன் முதல் நாவலிலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்பப் போன ஊர். சரயு நதி, மெம்பி மலை, மார்க்கெட் ரோடு, கபீர் தெரு என்று பெயர்கள் ஏராளமாகக் கிடைக்கும். ஒரு கட்டடத்தின் நீள அகலம் மட்டும் கிடைக்காது. என்னிடம் இரண்டு பலகைகள் இருக்கின்றன. ஒன்றில் ரயில் நிலையமும் அதன் எதிரே புளியமரத்தோடு ஒரு சின்னக் கடையும். இன்னொன்றில் கபீர் தெருவின் ஒரு பக்கத்து ஏழு வீடுகள். ஸ்கேல், அதாவது நிஜத்தைச் சுருக்கும் விகிதம், 1:72. இதை எடுத்ததற்கு ஒரே காரணம் கணக்கு சுலபம்: மாடலில் ஓர் அங்குலம் என்றால் நிஜத்தில் ஆறடி.

தொடங்குவதற்கு முன் ஒன்று. கோளாறு இரண்டு வகை. பசை, அட்டை, பெயிண்ட் செய்யும் கோளாறு ஒன்று. நாம் எடுத்த முடிவு செய்யும் கோளாறு இன்னொன்று. இருக்கிற கோயிலையோ வீட்டையோ மாடல் செய்பவர் சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நமக்குப் போய்ப் பார்க்க இடமில்லை. அதனால் நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: இந்த ஊரில் ஒரு மணி நேரம் மழை கொட்டினால் தண்ணீர் எங்கே போகும்? இதற்குப் பதில் சொல்ல முடியாத மாடலில் பெரும்பாலும் கோளாறு பசையில் இல்லை.

சுவர் வில்லாக வளைந்துவிட்டது

ராத்திரி நேராக நின்ற சுவர், காலையில் பார்த்தால் நடுவில் தொப்பை போட்டிருக்கும். மவுண்ட் போர்டு (கெட்டி அட்டை), ஃபோம் போர்டு (இரண்டு தாளுக்கு நடுவில் நுரை வைத்த பலகை) இரண்டிலும் இது நடக்கும். காரணம் ஈரம். காகிதம் நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் வெள்ளைப் பசையோ அக்ரிலிக் பெயிண்டோ பூசினால், அந்தப் பக்கம் காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும்.

வளைந்ததை நிமிர்த்த, பூசாத மறுபக்கத்தில் அதே பெயிண்டை அதே தடிமனில் பூசுங்கள். தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே நல்ல கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையர் காட்டினால் இன்னொரு பக்கம் வளையும், அவ்வளவுதான்.

அடுத்த சுவருக்கு: உள்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விடாமல் இரண்டு பக்கமும் பூசுங்கள். சுவர் நாலைந்து அங்குலத்துக்கு மேல் நீளமானால் உள்ளே குறுக்காக அட்டைத் துண்டுகளை விலா எலும்பு மாதிரி நிறுத்தி ஒட்டுங்கள். வீட்டின் உள்சுவர்கள் வருகிற இடத்திலேயே அவற்றை வைத்தால் இரண்டு வேலையும் முடியும்.

சன் போர்டு வளையாதே என்று கேட்பீர்கள். வளையாது, அது ஈரத்தை உறிஞ்சாத பி.வி.சி. ஆனால் அதே காரணத்தால் வெள்ளைப் பசையும் அதில் பிடிக்காது. ஒட்டியதுபோல் நின்று, ஒரு மாதம் கழித்து மொத்தமாகக் கழன்று வரும். அதற்கு உடனடிப் பசைதான் (சூப்பர் குளூ) சரி.

எல்லாம் நேராக இருக்கிறது, ஆனாலும் பொம்மை வீடு மாதிரி இருக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். யாரைக் கேட்டாலும் "பெயிண்ட் சரியில்லை" என்பார்கள். பெயிண்டைத் தொடுவதற்கு முன் அளவுகோலை எடுங்கள்.

முதலில் ஓர் ஆளை நிறுத்துங்கள். ஐந்தரை அடி மனிதர் 1:72-இல் 23 மில்லிமீட்டர். அட்டையில் வெட்டிய நிழல் உருவம் போதும். அவரைக் கதவருகே நிறுத்திப் பாருங்கள். என் முதல் வீட்டின் வாசற்கதவு 38 மில்லிமீட்டர் உயரம், அதாவது ஒன்பது அடி. அக்ரகாரத்துப் பழைய வீடுகளில் தலை குனிந்து நுழைந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கதவுகள் எவ்வளவு குட்டையென்று. ஆறடிக் கதவு என்றால் சரியாக ஓர் அங்குலம். அதை வெட்டி மாற்றியதும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. வீட்டில் வேறெதையும் நான் தொடவில்லை.

பிறகு திண்ணை. இரண்டேகால் அடித் திண்ணை ஒன்பதரை மில்லிமீட்டர் வரும். உட்கார்ந்தால் கால் தரையில் படவோ தொங்கவோ வேண்டும். மார்பளவு திண்ணையில் யாரும் உட்கார முடியாது. படிகள் ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் அது ஏணி.

சுவரின் தடிமனை ஜன்னல் துளையில் பார்க்கலாம். 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு நிஜத்தில் 36 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட பதினான்கு அங்குலச் சுவர். பழைய வீட்டின் தெருச் சுவருக்கு அது பொருத்தம். 3 மில்லிமீட்டர் சன் போர்டு ஒன்பது அங்குலச் சுவருக்குக் கொஞ்சம் குறைவு. உள்சுவருக்கும் ரயில் நிலையத்தின் அறைகளுக்கும் போதும். ஒரே தடிமனில் எல்லாவற்றையும் வெட்டினால் வீடு அட்டைப்பெட்டியாகத் தெரியும்.

ஐஸ் குச்சியால் கதவு செய்திருந்தால் அதைப் பிடுங்கிவிடுங்கள். பத்து மில்லிமீட்டர் அகலக் குச்சி நிஜத்தில் இரண்டேகால் அடிக்கு மேல் அகலமான பலகை. அப்படிப்பட்ட மரத்தைக் கபீர் தெருவில் கதவுக்கு அறுத்திருக்க மாட்டார்கள். குச்சியை நீளவாக்கில் மூன்று நான்காகக் கீறிக்கொள்ளுங்கள், அல்லது மெல்லிய அட்டையில் கோடு கீறிப் பலகையாக்குங்கள். மாறாகப் பல் குத்தும் குச்சி அற்புதமான திண்ணைத் தூண். இரண்டு மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ ஆறு அங்குல மரத்தூண்.

மண்ணிலும் இதே கணக்குதான். ஆற்று மணலின் ஒரு மில்லிமீட்டர் பரல் இந்த ஸ்கேலில் மூன்று அங்குலக் கல். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியாகப் போட்டால் கச்சிதம். அதையே தெருவில் தூவினால் கபீர் தெரு முழுக்கக் கருங்கல் கொட்டியதுபோல் ஆகிவிடும். தெருவுக்குச் செங்கல் பொடியையோ காய்ந்த செம்மண்ணையோ பழைய நைலான் துணியில் சலித்து, பவுடர் மாதிரி வந்ததை மட்டும் போடுங்கள்.

இதெல்லாம் சரி, இன்னும் பொம்மைதான் என்றால் அப்புறம் பெயிண்டுக்கு வரலாம். டியூபிலிருந்து பிதுக்கிய நிறத்தை அப்படியே பூசாதீர்கள். எந்த நிறத்திலும் துளி வெள்ளையும் துளி பழுப்பும் கலந்தால் தள்ளி நின்று பார்க்கிற உணர்வு வரும். சுவரின் அடியில் ஆறு மில்லிமீட்டர் உயரத்துக்கு, பிரஷ்ஷைக் கிட்டத்தட்ட காய்ந்த நிலையில் வைத்து, செம்மண் நிறத்தைத் தட்டித் தட்டி எடுங்கள். கூரைத் தண்ணீர் மண்ணில் விழுந்து சுவரில் தெறிக்கிற உயரம் அது, ஒன்றரை அடி. ஆனால் அந்தக் கறை எல்லா இடத்திலும் வராது. திண்ணைக்கு மேல் சாய்ப்பு இருக்கிற இடத்தில் உள்சுவர் சுத்தமாக இருக்கும். எங்கே நனையும், எங்கே நனையாது என்று யோசித்துக் கறை வையுங்கள்.

கூரை ஓடு ஓடாகத் தெரியவில்லை

பெட்டி அட்டையின் மேல்தாளை உரித்து, உள்ளே இருக்கும் நெளிவை ஓடாக வைப்பது எல்லோரும் செய்வதுதான். பெரிய சரக்குப் பெட்டியின் அட்டையில் ஒரு நெளிவு ஆறரை மில்லிமீட்டர் அளவுக்கு வரும். கணக்குப் போட்டால் ஒன்றரை அடி அகல ஓடு! மங்களூர் ஓட்டின் அகலம் ஓர் அடிக்கும் குறைவு. பீட்சா வருகிற மெல்லிய பெட்டியை எடுத்துப் பாருங்கள், அதன் நெளிவு பாதிதான். 1:72-க்கு அது சரியாக உட்காரும்.

முழுத் தாளாக ஒட்டினால் தகரக் கூரை ஆகிவிடும். நெளிவுக்குக் குறுக்காக ஐந்து மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டி, கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்தில் தொடங்கி முகடு நோக்கி, மேல் பட்டை கீழ்ப் பட்டையின் மேல் துளி ஏறும்படி அடுக்குங்கள். தலைகீழாக, அதாவது மேலிருந்து கீழே அடுக்கிய ஒரு கூரையை நான் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் மழைக்கு வீட்டுக்காரர் பாத்திரம் தேடியிருப்பார்.

கூரை மட்டும் வேறு ஊருடையது போலிருக்கிறது

இது முடிவுக் கோளாறு. மால்குடி என்றதும் பலருக்குக் கண்ணில் நிற்பது தொலைக்காட்சித் தொடர். சங்கர் நாக் இயக்கிய அந்தத் தொடரைக் கர்நாடகத்தின் ஆகும்பேயில் எடுத்தார்கள். ரயில் நிலையமாக வந்த அரசாளு நிலையத்தின் பழைய கட்டடம் இன்று மால்குடி அருங்காட்சியகம். நல்ல இடம்தான். ஆனால் ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கே கூரை செங்குத்தாகச் சரியும், இறவாணம் வெகுதூரம் வெளியே நீளும், சுவர் பாசி பிடிக்கும். நாராயணின் மால்குடியோ சென்னைக்கும் திருச்சிக்கும் ரயில் ஏறிப் போகிற ஊர். திருச்சியின் மழை அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை.

எதைக் கட்டினாலும் தவறில்லை. இரண்டையும் ஒரே பலகையில் கலப்பதுதான் கண்ணை உறுத்துகிறது: செம்மண் புழுதித் தெரு, அதன் மேல் மலைநாட்டுக் கூரை. நான் வறண்ட பக்கத்தைத் தேர்ந்துகொண்டு, கூரைச் சரிவை ஏறத்தாழ 30 டிகிரியில் நிறுத்தினேன். பாசி கிணற்றடியில் மட்டும்.

தண்டவாளமும் இதே கதைதான். கடையில் எளிதில் கிடைக்கும் பொம்மை ரயில் பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 1:72-இல் அது மீட்டர் கேஜும் (தண்டவாளங்களுக்கு நடுவே நிஜத்தில் ஒரு மீட்டர்) இல்லை, அதைவிட அகலமான பிராட் கேஜும் இல்லை. அந்தக் காலத்துத் தென்னிந்தியச் சின்ன நிலையம் என்பதால் நான் மீட்டர் கேஜ் என்று முடிவு செய்து, 14 மில்லிமீட்டர் இடைவெளியில் கையாலேயே ஒட்டினேன். இந்த மாதிரி முடிவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டாவது பலகையைத் தொடும்போது முதல் பலகையில் என்ன நினைத்தோம் என்பது மறந்திருக்கும்.

மலை உருகிவிட்டது

தெர்மாகோலை அடுக்கி மெம்பி மலைச் சரிவை ஆசையாசையாகச் செதுக்கி, ஸ்ப்ரே பெயிண்டை எடுத்து அடித்தேன். சர்ர் என்று ஒரு சத்தம். மலை என் கண்ணெதிரே குழி விழுந்து, அடுப்பில் வைத்த வெல்லம் மாதிரி இளகிக் கீழே இறங்கியது. டப்பாவில் எழுதியிருந்ததைப் படிக்காதது என் குற்றம்.

ஸ்ப்ரே பெயிண்டிலும் செருப்புக்கு ஒட்டுகிற மஞ்சள் பசையிலும் இருக்கும் கரைப்பான்கள் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஃபோம் போர்டின் நடுப்பகுதியும் பெரும்பாலும் இதே சரக்குதான். காகிதம் மூடிய பக்கம் தப்பிக்கும், வெட்டிய விளிம்பு உள்ளே தின்னப்பட்டுவிடும். மூலையில் இரண்டு சுவர் சேரும் இடத்தில் காரணம் தெரியாத பள்ளம் இருந்தால் இதுதான்.

உருகியதை மீட்க முடியாது, நிரப்பத்தான் முடியும். செய்தித்தாள் கூழில் வெள்ளைப் பசை கலந்து அப்புங்கள். என் மலையில் அந்தக் குழிகள் இப்போது ஓடைகள். இனிமேல் செய்வதற்கு, தெர்மாகோல் மேல் முதலில் வெள்ளைப் பசையும் டிஷ்யூ தாளும் இரண்டு கோட், அதன் மேல் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் மட்டும்.

ஜன்னல் கண்ணாடியில் வெண்புகை

கண்ணாடிக்குப் பதிலாக ஓ.எச்.பி. ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) உடனடிப் பசையால் ஒட்டினீர்கள். காலையில் ஷீட் முழுக்க வெள்ளையாக மூச்சு விட்டதுபோல் இருக்கிறது. அந்தப் பசையின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பொடியாகப் படிவதுதான் அது. கடலோர ஊர்களில் இன்னும் அதிகம். லேசானதென்றால் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மறையும், அழுத்தமானதென்றால் ஷீட்டை மாற்றுங்கள். புதியதை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள், காய்ந்தால் அது நிறமில்லாமல் போய்விடும். அதுவும் பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகு.

பஞ்சிலோ பருத்தித் துணியிலோ இந்த உடனடிப் பசையைக் கொட்டித் துடைக்காதீர்கள். சூடேறிப் புகையும், விரல் வெந்துவிடும்.

சொல்லப்போனால் கபீர் தெரு வீடுகளுக்குக் கண்ணாடி எதற்கு? கம்பியும் மரக்கதவும் போதும். என் மாடலில் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு மட்டும்தான் கண்ணாடி.

ஜல்லியும் மண்ணும் ஒட்டவில்லை

தண்ணீர் கலந்த பசையைச் சொட்டு விட்டால் அது உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மண்ணைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரே ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அந்தத் தண்ணீரை முதலில் மெல்லத் தெளியுங்கள். மண் நனைந்த நிறம் வந்ததும் பசைத் தண்ணீரை ஓரத்தில் விட்டால் தானாக ஊறிப் பரவும். ஒரு நாள் தொடாதீர்கள்.

வார்னிஷ் அடித்ததும் வெளுத்துவிட்டது

ஐப்பசி, கார்த்திகையில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்திருப்பீர்கள். காற்றிலிருந்த ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டது. நல்ல வெயில் நாளில் அதையே மிக மெல்லியதாக இன்னொரு கோட் அடித்தால் பல நேரம் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் மேலே பெயிண்டால் மறைக்க வேண்டியதுதான்.

சரயு காயவே மாட்டேன் என்கிறது

ஆற்றுத் தண்ணீருக்காக, ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தோடு கலந்து ஊற்றிய ரெசின் மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறதா? அநேகமாகக் கலவை அளவு தவறு. எடையில் சொன்ன விகிதத்தை டம்ளர் அளவில் கலந்திருப்பீர்கள், அல்லது சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டியிருப்பீர்கள். கூட்டினால் சீக்கிரம் இறுகாது, இறுகாமலே போகும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த கலக்காத பகுதியைச் சுரண்டி ஊற்றினாலும் அந்த இடம் மட்டும் ஈரமாக நிற்கும். மேல்மட்டம் மட்டும் பிசுக்கு என்றால், சரியாகக் கலந்த மெல்லிய ஒரு கோட் மேலே ஊற்றிவிடுங்கள். அடிவரை கூழாக இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றத்தான் வேண்டும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஆற்றுப்படுகை மூச்சு விடுகிறது என்று பொருள். ஊற்றும் முன் படுகைக்கு இரண்டு கோட் வெள்ளைப் பசை பூசிக் காயவைத்திருக்க வேண்டும். ஒரேயடியாக ஆழமாக ஊற்றினால் ரெசின் சூடேறும், அடியில் தெர்மாகோல் இருந்தால் அதுவும் போகும். இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தவணையில் ஊற்றுங்கள்.

எனக்குப் பிடித்த வழி ஊற்றாமலே விடுவது. கோடைக்கால ஆறு: நிறைய மணல், ஓரத்தில் பளபளப்பு வார்னிஷ் பூசிய ஒரு சின்ன ஓட்டம். இந்தப் பக்கத்து ஆறுகளைப் பார்த்தவர் யாரும் குறை சொல்ல மாட்டார்.

சுவரில் அரிப்பு, விளிம்பில் ஓட்டை

ராமபாணப் பூச்சி. மைதாப் பசையில் ஒட்டிய அட்டை என்றால் அதற்கு விருந்து. பைண்டிங் செய்பவர்கள் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் போடுவது இதற்காகத்தான். அது விஷம், குழந்தைகள் தொடுகிற மாடலில் வேண்டாம். மைதாவையே தவிர்த்துவிடுவது எளிது. அரித்த பகுதியை வெட்டி மாற்றிவிட்டு, பலகையைச் சுவரிலிருந்து தள்ளி, வெளிச்சம் வரும் இடத்தில் வையுங்கள்.

"மால்குடி இப்படி இருக்காதே"

பார்க்க வருகிறவர் சொல்வது. முதலில் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். கதையில் இருப்பதற்கு நேர்மாறாக நாம் கட்டியிருந்தால் அது கோளாறு, மாற்ற வேண்டும். வழிகாட்டியாகிப் பிறகு சாமியாராகிற ராஜுவின் கதையில், ரயில் நிலையம் வருவதற்கு முன்பே அப்பாவின் கடை அங்கே இருக்கிறது. நான் முதலில் கடையை நிலையத்தைவிடப் புதிதாகப் பூசிவைத்திருந்தேன். ஒரு நண்பர் கவனித்துச் சொன்ன பிறகு கடைச் சுவரில் காரையைப் பெயர்த்து, உள்ளே செங்கல் தெரியவைத்து, நிலையத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தேன். நிலையம் ஒரேயடியாக நேற்று வந்ததுபோல் ஆகிவிட்டது, அதுதான் வேண்டியிருந்தது.

அவர் மனதில் இருக்கும் மால்குடி வேறு என்றால் அதற்குப் பசை கிடையாது. என் மாமா ஒருவர் வரும்போதெல்லாம் புளியமரத்தை நிலையத்துக்கு இடப்பக்கம் வைக்கச் சொல்வார். மரத்தை ஆணியில் செருகித்தான் வைத்திருக்கிறேன். அவர் வரும் நாளில் எடுத்து அந்தப் பக்கம் நட்டுவிடுவேன்.